பம்ப் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்

பழைய பெட்ரோல் கார் ஏற்றத்தில் திணறினாலோ, சிக்னலில் நின்றுவிட்டு மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலோ, ஷெட்டுக்குக் கொண்டுபோனதும் முதலில் காதில் விழுவது "பம்ப் போச்சு சார்" என்பதுதான். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப்பைத்தான் சொல்கிறார்கள். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பம்ப்பை மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே அதே மாதிரி நடுரோட்டில் நின்ற வண்டிகளை நண்பர்கள் வட்டத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பம்ப் எப்போது திணறுகிறதோ அப்போதுதான் அதை அளக்க வேண்டும். காலையில் ஷெட்டில், இன்ஜின் சூடாவதற்கு முன்னால், ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நின்றபடி ஓடவிட்டுப் பார்த்தால் பாதி செத்த பம்ப்பும் நல்ல பம்ப்பாகத்தான் தெரியும். அளக்காமலே விட்டால் நல்ல பம்ப்பையும் கழற்றிப் போட்டுவிடுவோம்.

என் வண்டி 2006 மாடல், சின்ன ஹேட்ச்பேக், பெட்ரோல். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. 15 வருடம் முடிந்ததும் ஆர்டிஓவில் காட்டி ஆர்சியைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், இன்னும் சில வருடம் ஓட்டுகிற எண்ணம் இருக்கிறது. ராமமூர்த்தி நகரிலிருந்து ஆபீஸ் போகவும், தர்மபுரி பக்கம் ஊருக்குப் போய்வரவும் இதுதான்.

பெங்களூருக்குள் ஒரு குறையும் தெரியவில்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் ஒழுங்காக ஓடியது. மாம்பழ சீசனில் ஊரிலிருந்து திரும்பும்போதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும் ரோடு மேலேறத் தொடங்கும், ஓசூர் வருவதற்குள் 300 மீட்டருக்கு மேல் ஏறிவிடும், அதில் சூளகிரி பக்கம் நல்ல ஏற்றம். டிக்கி நிறைய மாம்பழம், பின் சீட்டில் மூன்று பேர், மே மாத மத்தியான வெயில். நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைகிறது. 80-ல் நின்ற முள் மெதுவாக 60-க்கு இறங்குகிறது. எந்த உதறலும் இல்லை, டப் டுப் என்று எதுவும் இல்லை, சத்தமே இல்லாமல் சக்தி வடிகிறது. காலைக் கொஞ்சம் எடுத்தால் ஒன்றிரண்டு நொடியில் திரும்ப இழுக்கிறது, மறுபடி அழுத்தினால் மறுபடி வடிகிறது.

காலை எடுத்தால் இழுக்கிறது என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். இன்ஜின் கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை, குறைவாகக் கேட்டால் வருவதே போதுமானதாகிவிடுகிறது, அதனால்தான் இப்படி. பொறி கொடுக்கிற பிளக்கோ காயிலோ கோளாறு என்றால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், நாம் மிஸ்ஸிங் என்று சொல்வோமே அது. புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருந்தால் ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல் ஏறவே ஏறாது, நியூட்ரலில் நிறுத்தி ரேஸ் கொடுத்தாலும் மந்தமாகத்தான் ஏறும். ஆகவே எனக்குப் பெட்ரோல் பக்கம் சந்தேகம் வந்தது. ஆனால் பெட்ரோல் பக்கம் என்றால் பம்ப் மட்டுமா? டேங்க் மூடியிலிருந்து, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் நுனி வரைக்கும் எத்தனையோ இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் காலத்துச் சின்ன கார்களில் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கேம்ஷாஃப்ட் தள்ளுகிற ஒரு டயஃப்ரம், அவ்வளவுதான். பிரஷரும் 3 முதல் 5 பிஎஸ்ஐ இருந்தால் போதும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வந்த பிறகு பம்ப் டேங்குக்குள் போய்விட்டது. இப்போது அது பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிற ஒரு எலெக்ட்ரிக் மோட்டார், வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 2.5 முதல் 4 பார் வரை பிரஷர் கொடுக்க வேண்டும், அதாவது 36 முதல் 58 பிஎஸ்ஐ. ஊரில் போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். அதைத் தண்ணீர் குளிரவைக்கிற மாதிரி இதைப் பெட்ரோல் குளிரவைக்கிறது, லோ வோல்டேஜில் அது எப்படித் தண்ணீர் தூக்காமல் சும்மா சுற்றிச் சூடாகுமோ இதுவும் அப்படியே. இந்த லோ வோல்டேஜ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், என் வண்டியின் கதையே அங்கேதான் இருந்தது.

முதல் சோதனைக்குக் காசே தேவையில்லை. சாவியை ஆன் வரைக்கும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட வேண்டும். ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், ரிலே என்கிற மின் ஸ்விட்ச் வழியாகப் பம்ப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு லைனில் பிரஷர் ஏற்றுகிற சத்தம் அது. அதற்குப் பிறகு இன்ஜின் சுற்றுகிறது என்று சிக்னல் வந்தால்தான் பம்ப்பைத் தொடர்ந்து ஓடவிடும். எங்காவது மோதி இன்ஜின் நின்றுவிட்டால் உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு. பகலில் நம் தெருக்களின் சத்தத்தில் இது காதில் விழாது. விடியற்காலையில் ஜன்னலை எல்லாம் ஏற்றிவிட்டு, ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டால் தெளிவாகக் கேட்கும். வண்டி நன்றாக ஓடுகிற நாளில் ஒருமுறை இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, கோளாறு வந்த பிறகு முதல்முறையாகக் கேட்டால் எது சரியான சத்தம் என்று எப்படித் தெரியும்?

சத்தமே வரவில்லை என்றால் அப்போதும் பம்ப் மீது பழி போட வேண்டாம். முதலில் ஃப்யூஸ். அப்புறம் ரிலே. ஃப்யூஸ் பாக்ஸில் ஹாரனுக்கோ ஏசிக்கோ அதே நம்பர் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பழைய ஹோண்டா வண்டிகளில் மெயின் ரிலேக்குள் சால்டர் விரிசல் விடுவது பிரசித்தம். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாது, உள்ளே சூடு தணிந்ததும் எதுவும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். பழைய ஃபோர்டு, ஃபியட் வண்டிகள் சிலவற்றில் இனர்ஷியா ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு, மோதினால் பம்ப்புக்குப் போகிற கரன்டை வெட்டிவிடும், பள்ளத்தில் பலமாக இறங்கினாலும் சில சமயம் வெட்டிவிடும், அதன் மேலிருக்கிற பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசரின் விளக்கு சிமிட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இத்தனையும் சரியாக இருந்து, பம்ப்பில் வயர் வந்து மாட்டுகிற கப்ளரில் 12 வோல்ட் வந்து சேர்ந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் பம்ப்பைக் குறை சொல்ல முடியும்.

என் மச்சான் வண்டியில் நடந்தது அதுதான். டின் ஃபேக்டரி பக்கம் நெரிசலில் நின்றுபோய், "மாமா, செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆகல" என்று போன் செய்தான். பக்கத்து ஷெட்டிலிருந்து வந்த பையன் சாவியை ஆன் செய்து காது கொடுத்தான், சத்தம் இல்லை. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தான், சாவி போட்டதும் அந்த ஓரிரு நொடிக்கு கப்ளரில் லைட் நன்றாக எரிகிறது. பிறகு ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னான், ஸ்டார்ட் ஆகிவிட்டது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, கம்யூட்டேட்டர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிட்டால் மோட்டார் எழும்பாது, தட்டினால் கொஞ்சம் நகர்ந்து தொடர்பு கிடைக்கும். கரன்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை, தட்டினால் ஓடுகிறது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அங்கிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் போக வேண்டும், வழியில் எங்கும் இன்ஜினை அணைக்கக் கூடாது. அந்தப் பம்ப் பல மாதமாகக் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்ததை அவனும் கேட்டிருக்கிறான், இன்ஜின் சத்தம் என்று நினைத்திருந்தான்.

பம்ப் மாதிரியே நடித்து ஏமாற்றுகிற இன்னொரு ஆள், இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்கிற கிராங்க் சென்சார். சூடானதும் வண்டி பட்டென்று நின்றுவிடும், அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பழைய பம்ப்பும் சூட்டில் இப்படிச் செய்யும் என்பதால் குழப்பம். கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை என்றால் ஈசியு பம்ப்பையும் நிறுத்திவிடும், ஸ்பார்க்கையும் நிறுத்திவிடும், அதனால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பம்ப்பை மாற்றிவிடுகிறார்கள். வண்டி நின்ற அந்த நிமிடமே சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள். அந்த இரண்டு நொடி ஊம்ம் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை என்றால் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். இன்னொரு அடையாளம், கரன்ட் சம்பந்தப்பட்டது பெரும்பாலும் ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும், பெட்ரோல் பற்றாமல் நிற்பது ஒன்றிரண்டு முறை திணறி மெல்ல அடங்கும்.

என் வண்டியில் ஊம்ம் சத்தம் நன்றாகவே வந்தது. அது மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி, பிரஷர் இருக்கிறது என்பதற்கு அல்ல. அல்சூர் பக்கம் எனக்கு நெடுநாள் பழக்கமான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், நம்ம ஊர்க்காரர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கதையைக் கேட்டதும், "பம்ப் மாத்திடலாம் சார், வண்டிக்கும் வயசாச்சு" என்றார். "மாத்தலாம்ணே, கேஜ் போட்டுப் பாத்துட்டு மாத்துவோம்" என்றேன். அவரிடம் பிரஷரை அளக்கிற கேஜ் இல்லை, பக்கத்து ஷெட்டிலிருந்து வாங்கிவந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தினமும் கிளட்ச், பிரேக் என்று ஓடுகிற ஷெட்டில் பிரஷர் கேஜ் வருடத்துக்கு எத்தனை முறை வெளியே வரும்?

கேஜ் போடுவதில் கவனம் வேண்டும். 3 பார் பிரஷரில் இருக்கிற பெட்ரோல் லைனைச் சும்மா கழற்றினால் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் சூடான சைலன்சர் இருக்கும். முதலில் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட வேண்டும், லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும், அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் இந்த வேலையே வேண்டாம், பெட்ரோல் ஆவி கனமானது, வெளியே போகாமல் தரையிலேயே தங்கும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் கேஜ் மாட்ட தனி வால்வு கிடையாது, ஹோஸுக்கு நடுவில் T வடிவ இணைப்பு போட்டுத்தான் மாட்ட வேண்டும், அதற்கும் எம்பிஎஃப்ஐ பிரஷர் தாங்குகிற ஹோஸும் நல்ல கிளிப்பும் வேண்டும், கார்புரேட்டர் ஹோஸ் இதற்கு ஆகாது. பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள்.

ஷெட்டில் ஐடிலிங்கில் கேஜ் 3.2 பார் காட்டியது. மேனுவல் சொல்வதற்குச் சரியாக இருக்கிறது. "பிரஷர் இருக்கே சார்" என்று மேஸ்திரி என்னைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சோதனை முடிந்துவிடுகிறது. ஐடிலிங்கில் என் மாதிரி சின்ன இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் அழுத்தினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் கேட்கும். ஐடிலிங்கில் வைத்துப் பார்ப்பது உட்கார்ந்திருக்கிறவனுடைய நாடியைப் பிடித்துப் பார்ப்பதோடு சரி. அதனால் கேஜின் நீளமான குழாயை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகினோம். உள்ளே கொண்டுவரவே கூடாது, அதில் இருப்பது பெட்ரோல். பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கப்ளரிலிருந்து மெல்லிய வயர் இரண்டு இழுத்து முன் சீட்டில் மல்டிமீட்டரில் கோத்தோம். அப்படியே நந்தி மலை.

அடிவாரத்தில் 3.2. முதல் சில வளைவு வரை அசையவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகி, இரண்டாவது கியரில் அழுத்திப் பிடித்து ஏறும்போது முள் 3-க்கு வந்தது, அப்புறம் 2.7, அப்புறம் 2.2. சூளகிரியில் வடிந்த மாதிரியே சக்தி வடிந்தது. மேஸ்திரி கேஜைப் பார்ப்பதை விட்டுவிட்டு மடியிலிருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் பம்ப்புக்கு 12.9 வோல்ட் வந்துகொண்டிருந்தது. இப்போது 11.4. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே பேட்டரியில் வைத்துப் பார்த்தார், 14. நடுவில் 2.6 வோல்ட் எங்கேயோ காணாமல் போகிறது. அரை வோல்ட் வரை போனால் பொறுத்துக்கொள்ளலாம், இது ரொம்ப அதிகம்.

"எர்த்து சார்" என்றார்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவுக்கு நீட்டி, இன்னொரு முனையைப் பம்ப் கப்ளரின் எர்த் பின்னில் வைத்தார். நல்ல எர்த் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.1 அல்லது 0.2 வந்தால் சரி. 1.9 காட்டியது. எர்த் வயர் பின் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாசனை, எப்போதோ மழைத்தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. போல்ட்டைச் சுற்றி பச்சையும் பழுப்புமாகத் துரு படிந்து வளையம் கட்டியிருந்தது, வயர் நுனியிலிருந்த வளையத்தை விரலால் அசைத்தாலே ஆடியது. கப்ளரில் பாசிட்டிவ் பின் இருக்கும் இடம் மட்டும் பிளாஸ்டிக் நிறம் மாறி, ஓரம் லேசாக உருகியிருந்தது, மீதி வோல்ட் அங்கே போயிருக்கிறது. தொடர்பு சரியில்லாத இடத்தில் சூடு, சூடானால் தொடர்பு இன்னும் மோசம். காலை ஷெட்டில் தெரியாமல் மத்தியான ஏற்றத்தில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

ஷெட்டுக்குத் திரும்பி, போல்ட்டைக் கழற்றி, பாடியில் பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வயர் நுனி வளையத்துக்குப் பதில் புது லக் அடித்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கப்ளருக்குப் புதுப் பின் போட்டார். பம்ப் அசெம்ப்ளியையும் வெளியே எடுத்தோம், ஏனென்றால் வோல்டேஜ் ஒரு காரணம் என்றால் அடைப்பும் கூட இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பம்ப்பின் வாயில் ஒரு வலை ஃபில்டர் இருக்கும், புதிதில் வெள்ளையாக இருக்கும். அது காப்பித்தூள் நிறத்தில், தொட்டால் வழவழவென்று இருந்தது. வலை அடைத்தால் பம்ப் உறிஞ்சும் பக்கம் வெற்றிடம் உண்டாகி, சூடான பெட்ரோல் அங்கேயே ஆவியாகி, பம்ப் ஆவியைப் பிடித்துத் தள்ளப் பார்க்கும், பிரஷர் விழும். வெயில் நாளில், டேங்க் குறைவாக இருக்கும்போது தொந்தரவு அதிகமாகிறது என்றால் இந்த வலையைச் சந்தேகப்படுங்கள். வலையை மாற்றினோம், டேங்க் அடியில் படிந்திருந்த கசடைத் துடைத்தெடுத்தோம், பம்ப் அசெம்ப்ளி மூடிக்குப் புது ஓ-ரிங் போட்டோம். பழைய ஓ-ரிங்கை மறுபடி போடாதீர்கள், பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிட்டிருக்கும், பள்ளத்தில் சரியாக உட்காராது, அப்புறம் வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கசடு ஏன் இவ்வளவு என்று யோசித்தால் எத்தனால் ஞாபகம் வருகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் இங்கே பெங்களூரில் நடந்த நிகழ்ச்சியில்தான் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார், அப்புறம் படிப்படியாக எல்லாப் பங்க்கிலும் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய டேங்கில் வருடக்கணக்கில் ஒட்டியிருக்கிற படிவையும் இளக்கிவிடும், இளகியது எல்லாம் வலைக்குத்தான் வரும். 2006-ல் செய்த ரப்பர் ஹோஸும் சீலும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதற்காகப் பழைய வண்டியை ஓட்டாமல் இருக்க முடியாது. வலையையும் ஃபில்டரையும் முன்பு மாற்றியதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும், ஹோஸ்களை அழுத்திப் பார்த்து மெத்தென்று ஆகியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் கால் டேங்க்கோடு நிறுத்தி வைக்கக் கூடாது. கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் ஓட்டுவது எப்போதும் நல்லது, பம்ப் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சி.

காலையில் மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, ஸ்டார்ட் ஆன பிறகு எந்தக் குறையும் இல்லை என்பவர்களுக்கு இது வேறு கதை. இன்ஜினை நிறுத்திய பிறகும் லைனில் பிரஷர் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், பம்ப்பில் இருக்கிற செக் வால்வு அதைப் பிடித்து வைக்கும். வால்வு கசிந்தால் பெட்ரோல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் மறுபடி நிரம்பி வர நேரமாகும். சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் இதுதான் என்று ஊகிக்கலாம். ஆனால் பிரஷரை அளவோடு வைக்கிற ரெகுலேட்டர் கசிந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் இதே அறிகுறிதான், இன்ஜெக்டர் சொட்டினால் ஸ்டார்ட் ஆகும்போது புகையும் பெட்ரோல் வாசனையும் கூட வரும். இதற்காக அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம், இப்படியே வருடக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் உண்டு.

2010-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஈசியு சொல்வதைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் மாட்டி, பெட்ரோலை ஈசியு எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டுகிற ஃப்யூவல் ட்ரிம் பாருங்கள், என் வண்டியில் அதற்கு வழியில்லை. ட்ரிம் ஐடிலிங்கில் அதிகமாக இருந்து ரேஸ் கொடுத்தால் குறைகிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற 15, 20 சதவீதம் என்று கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் பற்றவில்லை. பி0171 என்று, பெட்ரோல் குறைவு என்கிற லீன் கோட் வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

கடைசியில் பம்ப் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால் ஜேசி ரோட்டில் கிடைக்கும், உள்ளே இருக்கிற மோட்டார் மட்டுமாகவும் கிடைக்கும், முழு அசெம்ப்ளியாகவும் கிடைக்கும். பெட்ரோல் அளவைக் காட்டுகிற மிதவையும் ரெகுலேட்டரும் நன்றாக இருந்தால் நல்ல கம்பெனி மோட்டாரை மட்டும் போட்டால் போதும், விலையில் நிறைய வித்தியாசம். பெயர் தெரியாத முழு அசெம்ப்ளி வாங்கினால் பம்ப் ஓடும், பெட்ரோல் முள் பொய் சொல்லும், அது இன்னொரு தலைவலி. சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய பார்ட்ஸ் சந்தையில், செகண்ட்ஸ் பம்ப் மலிவாகத் தருவார்கள். கதவு, கண்ணாடி, பம்பர் அங்கே வாங்கலாம், பம்ப் வேண்டாம், அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? மாற்றும்போது எர்த்தையும் கப்ளரையும் அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், லோ வோல்டேஜில் மாட்டினால் புதுப் பம்ப்பும் பழைய பம்ப் போன வழியில்தான் போகும்.

எர்த் சரிசெய்த பிறகு அதே கேஜோடு அதே நந்தி மலையில் ஏறினோம். உச்சிக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தபோதும் 3.1-க்குக் கீழே போகவில்லை, பம்ப்புக்கு 13.5 வோல்ட் நின்றது. ஊருக்கும் போய் வந்துவிட்டேன், சூளகிரியில் நாலாவது கியரில் ஏறுகிறது. செலவு வலை, ஓ-ரிங், லக், பின், மேஸ்திரி கூலி. இந்த எண்களை எல்லாம் ஒரு பேப்பரில் எழுதி ஆர்சியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பம்ப் இன்னும் வண்டியோடு வந்த அதே பம்ப்தான், அதுவும் ஒருநாள் போகத்தான் செய்யும். அப்போது ஏற்றத்தில் பிரஷர் விழும், ஆனால் வோல்டேஜ் 13.5-லேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து அப்படிக் காட்டுகிற அன்றைக்கு ஜேசி ரோட்டுக்குப் போவேன்.